“ரிடையர் ஆயிட்டு என்ன சார் பண்றீங்க?” – ஒரு கணக்கு வாத்தியாரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமை சந்தைக்குப் போனால் ஒருத்தர், சலூனில் ஒருத்தர், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற பழைய மாணவன் ஒருத்தன். எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளியில் முப்பத்தாறு வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டால் அதைப் போர்டில் எழுதிப் போட்டுவிடுவது பழக்கம், அதனால் இதையும் எழுதிப் போட்டுவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன, பதில்தான் என்னுடையது.

சார், ரிடையர் ஆகி எத்தன வருஷம் ஆச்சு? 58லயே ஆயிருக்கணுமே?

ஆயிருக்க வேண்டியதுதான். வேலையில் சேர்ந்தபோது 58 என்றுதான் சொல்லிச் சேர்த்தார்கள். 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். எனக்கு 2021 அக்டோபரில் 58 முடிய வேண்டியது, ஆக இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. 60 முடிந்தது 2023 அக்டோபரில். கல்வியாண்டின் நடுவில் வயது முடிகிற ஆசிரியருக்கு, பிள்ளைகள் படிப்பு கெடாமல் இருக்க, ஆண்டு முடியும் வரை மறுநியமனம் உண்டு. அப்படி 2024 கோடை விடுமுறையோடுதான் உண்மையில் வெளியே வந்தேன்.

இப்ப நாள் எப்படிப் போகுது? போர் அடிக்கலையா?

முதல் இரண்டு மாசம் அடித்தது, பொய் சொல்ல மாட்டேன். காலை எட்டேகால் ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடும். எங்க வீட்டம்மாதான் “ஏங்க, எங்க கிளம்புறீங்க?” என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

இப்போது அப்படி இல்லை. விடியற்காலை ஊருணிக் கரையில் நாலு சுற்று, டீக்கடையில் பேப்பர், வந்து குளித்து ராகிக் கூழோ இட்லியோ, பத்து மணிக்குக் கிளை நூலகம். மத்தியானம் ஒரு மணி நேரத் தூக்கம், அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சாயங்காலம் திண்ணையில் தெருப் பிள்ளைகள் மூன்று நாலு பேர் செஸ் ஆட வருவார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு அந்த மூன்று நாலு ஏழெட்டு ஆனது, போர்டு இரண்டுதான் இருக்கிறது, மீதிப் பேர் சுற்றி நின்று தப்புத் தப்பாக யோசனை சொல்வார்கள். ராத்திரி மேட்ச் இருந்தால் மேட்ச். போர் அடிக்கிற நேரம் இதில் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

சும்மாதான இருக்கீங்க, டியூஷன் எடுத்தா என்ன சார்? நல்ல காசு வருமே?

வரும். வேண்டாம். சந்தேகம் கேட்டு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை, அதற்குக் காசும் வாங்குவதில்லை. ஆனால் மணிக்கணக்கு வைத்து நடத்த ஆரம்பித்தால் மறுபடியும் எட்டேகாலுக்குச் செருப்பு தேட வேண்டியதுதான். அப்புறம் ‘சும்மாதான இருக்கீங்க’ என்று சொல்லி ரேஷன் கடை வரிசைக்கும் கரண்ட் பில் கட்டவும் என்னை அனுப்புகிறவர்கள் இந்தத் தெருவில் ஏற்கெனவே அஞ்சு வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்.

பென்ஷன் நேர்காணலுக்கு வருஷா வருஷம் கருவூலம் போய் நிக்கணுமா?

நிற்க வேண்டியதில்லை. நேரில் போகலாம், இல்லையென்றால் ஜீவன் பிரமாண் எனும் டிஜிட்டல் வாழ்நாள் சான்று எடுக்கலாம். தபால்காரரிடம் சொன்னால் அவரே வீட்டுக்கு வந்து ஆதார் எண்ணை வைத்துக் கைரேகை எடுத்துப் பதிந்துவிடுவார், கட்டணம் 70 ரூபாய். பிபிஓ எண் (பென்ஷன் ஆணையில் இருக்கிற எண்), வங்கிக் கணக்கு எண், ஆதாரோடு இணைந்த போன் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வலது கைக் கட்டை விரல் ஏறவே இல்லை. இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல் என்று நான் பெருமையாகச் சொன்னேன், தபால்காரர் “தேங்காய் எண்ணெய் தடவியிருக்கீங்களா சார்?” என்றார். தடவித்தான் இருந்தேன். துடைத்துவிட்டு இடது கை ஆள்காட்டி விரலை வைத்தோம், சரியாகிவிட்டது. வயதானவர்களுக்கு எந்த விரலுமே பதியாவிட்டால் முகத்தைக் காட்டி எடுக்கிற வசதியும் இருக்கிறது.

இந்த வயசுலயும் கிரிக்கெட்டா? எப்ப இருந்து இந்தப் பைத்தியம்?

1983 ஜூன் 25. எனக்கு அப்போது பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது. எங்கள் பக்கத்தில் டிவி கிடையாது, ஒரு கடைக்காரர் வீட்டு ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பேர். இந்தியா 183க்கு ஆல் அவுட் ஆனதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நம்ம ஸ்ரீகாந்த் அடித்த 38தான் அந்த இறுதி ஆட்டத்திலேயே அதிகபட்ச ரன் என்பது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. வெஸ்ட் இண்டீஸ் 140இல் சுருண்டபோது ஆல் இந்தியா ரேடியோவுக்கும் பிபிசிக்கும் மாறி மாறித் திருகியதில் அந்தக் கடைக்காரரின் ரேடியோக் குமிழ் கையோடு வந்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று அவர் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பைத்தியம் முற்றியது 1987இல். அடுத்த பதிலில் வருகிறது.

டிவில ஸ்கோர் தானா வருதே, அந்த நோட்டுல என்னதான் எழுதுறீங்க?

இதைக் கேட்காத ஆள் கிடையாது. 1987 அக்டோபர் 9, சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியா முதலில் ஆடி 268. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை நடுவர் நாலு என்று கொடுத்திருந்தார், இடைவேளையில் அது ஆறு என்று பேச்சு வந்து, கபில்தேவும் சரியென்று சொல்ல, 270 ஆகிவிட்டது. கடைசியில் இந்தியா 269க்கு ஆல் அவுட். ஒரே ஒரு ரன்னில் தோல்வி, கடைசி ஓவரில் மணீந்தர் சிங்கின் ஸ்டம்பு போனது. (முந்தின வருஷம் இதே மைதானத்தில் டை ஆன டெஸ்டிலும் கடைசி விக்கெட் மணீந்தர்தான். பாவம் மனுஷன்.) ஒரு கணக்கு வாத்தியாருக்கு இது தாங்குமா? வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாளே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன், இனிமேல் என் கணக்கை நானே எழுதிக்கொள்கிறேன் என்று.

எழுதும் முறை இதுதான். ஓர் ஓவருக்கு ஒரு கட்டம். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம். ஆறு பந்தும் புள்ளியாக வந்தால் மூன்று புள்ளி மேலும் மூன்று புள்ளி கீழுமாகப் போட்டு, அவற்றை இணைத்து ஆங்கில ‘எம்’ மாதிரி கோடு இழுக்க வேண்டும், அதுதான் மெய்டன் ஓவர். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்தால் ‘டபிள்யூ’ மாதிரி. இருபது ஓவர் ஆட்டம் வந்த பிறகு அந்த ‘எம்’ போடுகிற சுகம் அபூர்வமாகிவிட்டது.

இதுவரை 41 நோட்டு. இரண்டைக் கரையான் தின்றது. 1999 ஜனவரி 31, சென்னை டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற நாளின் பக்கம் பத்திரமாக இருக்கிறது. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து 254இல் அவுட், தேவை இன்னும் 17, கையில் மூன்று விக்கெட். மூன்றும் நாலு ரன்னுக்குள் போய்விட்டன. அந்தக் கட்டத்தில் பேனா அழுத்தியதில் தாள் ஓட்டையாகி இருக்கிறது, நோட்டைக் கேட்டால் காட்டுவேன். அன்றைக்குச் சேப்பாக்கத்துச் சனம் எழுந்து நின்று ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அதைக் குறிக்கக் குறியீடு இல்லாததால் ஓரத்தில் எழுத்தாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

நெட் ரன் ரேட் எப்படி சார் போடுறாங்க? தோத்தும் எப்படி உள்ள போக முடியும்?

புள்ளிகள் சமமாக நிற்கிற அணிகளில் யார் முன்னால் என்று பார்க்கிற கணக்கு இது. எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுக்கவும். கொடுத்த ரன்னைப் போட்ட ஓவரால் வகுக்கவும். முதலில் வந்ததிலிருந்து இரண்டாவதைக் கழிக்கவும். அவ்வளவுதான், எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இரண்டு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ஒன்று, 17.4 ஓவர் என்றால் 17.4 ஆல் வகுக்கக் கூடாது, 17 ஓவரும் நாலு பந்தும், அதாவது 17.667. இரண்டு, ஆல் அவுட் ஆன அணிக்கு எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு 20 ஓவரும் கணக்கு. நாம் 20 ஓவரில் 180, அவர்கள் 17 ஓவரில் 150க்கு ஆல் அவுட் என்றால் 9 கழித்தல் 7.5, விடை 1.5. நூற்றைம்பதைப் பதினேழால் வகுத்தால் மார்க் கிடையாது. தொடர் முழுதுக்கும் போடும்போது ஒவ்வொரு ஆட்டத்தின் விடையைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, மொத்த ரன், மொத்த ஓவர் என்று சேர்த்துப் போட வேண்டும்.

தோற்றும் உள்ளே போவது எப்படி என்பதற்கு 2024 மே 18 ஐபிஎல் ஆட்டம் போதும், நான் ரிடையர் ஆன சூட்டோடு வந்தது. பெங்களூரு 218. அவர்கள் சென்னையை முந்த 18 ரன் வித்தியாசத்திலாவது ஜெயிக்க வேண்டும். அப்படியானால் சென்னை 201 எடுத்தால் தோற்றாலும் அடுத்த சுற்று. டீக்கடையில் பாதிப் பேர் 219க்குக் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். கடைசி ஓவரில் 17 வேண்டும். தோனி ஒரு சிக்ஸ் அடித்தார், அடுத்த பந்தில் கேட்ச். 191இல் நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் இன்னும் அந்தத் தோல்விக்கு என் கணக்கைத்தான் குறை சொல்கிறார்.

மழை வந்தா டார்கெட்ட இஷ்டத்துக்கு மாத்துறாங்களே, அது ஏமாத்து வேலைதான?

இல்லை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத் 20 ஓவரில் 214. மழையால் சென்னைக்கு 15 ஓவர். சும்மா விகிதம் போட்டால் 160.5 வரும், ஆனால் இலக்கு 171 கொடுத்தார்கள். ஏன்? ஓவர் மட்டும் குறைந்தது, விக்கெட் பத்தும் அப்படியே இருக்கிறது. பத்துப் பேரை இருபது ஓவருக்குப் பங்கு போடுவதற்கும் பதினைந்து ஓவருக்குப் பங்கு போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? நாலு பேருக்கு வைத்த குழம்பை மூன்று பேர் சாப்பிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொள்ளலாம், அந்த மாதிரி. கையில் இருக்கிற ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்து ஒரே வளமாகக் கணக்கிடுவதுதான் டக்வொர்த்தும் லூயிஸும் கண்டுபிடித்த முறை, பிறகு ஸ்டெர்ன் அதைத் திருத்தினார்.

அன்றைக்கு ஆட்டம் முடியும்போது ராத்திரி ஒன்றரை மணி. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும், ஜடேஜா ஒரு ஆறு, ஒரு நாலு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்து, வீட்டம்மா திருடன் என்று நினைத்து டார்ச்சோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

நீங்க கணக்கு வாத்தியார், ஆப்ல டீம் போட்டுத் தாங்களேன், ஜெயிச்சா பாதி உங்களுக்கு?

இதைக் கேட்ட பையன் எனக்குப் பத்தாம் வகுப்பில் படித்தவன், அதனால் கோபம் கொஞ்சம் கூடவே வந்தது. இரண்டு அணியிலும் ஆடுகிற இருபத்திரண்டு பேரில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழி. அதில் ஒரு கேப்டன், ஒரு துணைக் கேப்டன் என்றால் இன்னும் 110 மடங்கு. மொத்தம் 7 கோடியே 75 லட்சத்து 97 ஆயிரத்து 520. பந்து வீச்சாளர் இத்தனை, கீப்பர் இத்தனை என்று விதி போட்டால் இது குறையும்தான், ஆனாலும் லட்சங்களில் ஒருவன் நீ. இதைச் சொன்ன பிறகும் “இருந்தாலும் சார்” என்றான்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை போட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எனக்கு ஒரு வேலை மிச்சம்.

மேட்ச் நேரத்துல வீட்ல ரிமோட் யார் கையில?

ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வீட்டம்மா கையில், சீரியல். டாஸ், முதல் ஆறு ஓவர் எல்லாம் எனக்கு டிரான்சிஸ்டரிலோ போனிலோதான். ஒன்பது மணிக்கு மேல் டிவி எனக்கு. உலகக் கோப்பை ஆட்டம் என்றால் முன்கூட்டியே சொல்லி, அன்றைக்குத் தேங்காய் துருவிக் கொடுத்து, பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். “அந்தச் சின்னப்பம்பட்டிப் பையன் இன்னிக்கு ஆடுறானா?” என்று நடராஜனைப் பற்றி அவளாகவே கேட்பாள்.

ஊர்ல மஞ்சுவிரட்டு இருக்கு, கபடி இருக்கு, நீங்க ஏன் கிரிக்கெட்டயே கட்டிக்கிட்டு அழறீங்க?

யார் சொன்னது? தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நான் போகாத வருஷம் விரல் விட்டு எண்ணக் கூடியது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்து 2017 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டம் வரும் வரை இருந்த ஏக்கம் எனக்கும் உண்டு. 2023 மே 18இல் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ என் கணக்கில்தான். கபடிக்கும் நோட்டு போட்டுப் பார்த்தேன். முப்பது நொடிக்குள் ஒருத்தன் பாடிப் போய்த் திரும்பிவிடுகிறான், நான் தலையைத் தூக்குவதற்குள் அடுத்தவன் போய்விட்டான். கபடியை எழுதாமல் பார்ப்பதுதான் சரி.

மஞ்சுவிரட்டுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகலாமா?

சிராவயலில் பொட்டலுக்குள் கூட்டிப் போகாதீர்கள். தொழுவிலிருந்து கோயில் மாடு முதலில் வரும், பிறகு வரிசையாக மற்ற மாடுகள், அதற்குத் தடுப்பு, மருத்துவக் குழு எல்லாம் இருக்கும். ஆபத்து அங்கே இல்லை. கட்டுமாடு என்று சொல்லிச் சுற்றியிருக்கிற வயலிலும் கண்மாய்ப் பக்கமும் ஆங்காங்கே அவிழ்த்து விடுவார்கள், எந்தப் பக்கமிருந்து வரும் என்று மாட்டுக்கே தெரியாது. அடிபடுகிறவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறைய. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் மாசி மகத்தன்று சிங்கம்புணரி பக்கம் அரளிப்பாறைக்குப் போங்கள், சனம் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

லீவுக்குப் பேரப்பிள்ளைக வந்தா எங்க கூட்டிட்டுப் போறது? அரண்மனை வீடு பாத்தாச்சு சார்.

என் பேரனுக்குப் பதினொன்று, பேத்திக்கு எட்டு. அவர்களிடம் கேட்டுப் பார்த்ததில் அரண்மனை வீடுகள் ஒன்றுக்கு மேல் வேண்டாம். தூண், தூண், தூண் என்று சலித்துவிடுகிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். கண்ணாடித் தட்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகடு. பட்டறைக்காரர் கரண்டியால் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று சாந்தை ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார், தகட்டை மெதுவாக மேலே தூக்குகிறார், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை! மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரச் சாந்து போட்டு அழுத்தி வைத்துவிடுகிறார். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைப்பதுதான். அந்தக் கண்ணாடிதான் தரைக்கு அந்த மினுக்கத்தைக் கொடுக்கிறது. பேத்தி “ஐயா, இது கேக் மாதிரியே இருக்கு” என்றாள்.

அரைநாள்தான் இருக்கிறது என்றால் குன்றக்குடி முருகன், அப்படியே பிள்ளையார்பட்டி, இரண்டும் ஒரே தடம். டவுன் பஸ்ஸில் வீட்டம்மா, மருமகள், பேத்தி மூவருக்கும் டிக்கெட் இல்லை, பேரனுக்கு அரை டிக்கெட், முழு டிக்கெட் வாங்குகிற ஒரே ஆள் நான். மழை நன்றாகப் பெய்த வருஷம் என்றால் மார்கழி, தையில் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடிக்குப் போங்கள். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் நாரை, கொக்கு எல்லாம் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இதைக் கேட்டதும் பேரன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

திருமயம் கோட்டைக்கு எத்தன மணிக்குக் கிளம்பணும்?

காலை ஒன்பதுக்குள் மேலே இருக்க வேண்டும். இதை நான் சொல்வதற்குக் காரணம், நானே மே மாதத்தில் பதினொன்றரைக்குக் கூட்டிப் போனவன். “1687இல் சேதுபதி கட்டியது” என்று நான் பாடம் நடத்திக்கொண்டே முன்னால் ஏறினேன், பின்னால் பேத்தி அழுகிற சத்தம். செருப்பைக் கீழே கோயில் வாசலில் விட்டவள் அப்படியே வந்திருக்கிறாள், பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. என் துண்டைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வீட்டம்மா வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசினாள்.

அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில் இருக்கின்றன, வெயில் ஏறிய பிறகு அங்கே உட்காருங்கள், குளிர்ச்சியாக இருக்கும். மேலே இருக்கிற பீரங்கிக்கு அவசரமில்லை.

சேப்பாக்கத்துல நேர்ல பாத்திருக்கீங்களா? இங்க இருந்து போய் வர்றது எப்படி?

குடும்பத்தோடு ஒரே ஒரு முறை. விடியற்காலை காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மத்தியானம் எழும்பூர், மூத்த குடிமக்கள் சலுகை இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். மைதானத்துக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. டிக்கெட்டுதான் கஷ்டம். ஆன்லைனில் வரிசை எண் என்று ஒன்று ஓடும், மகன் ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர், மருமகள் போன், என் போன் என்று நாலு இடத்தில் நின்று, கடைசியில் மருமகள் போனில் விழுந்தது.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். எங்க வீட்டம்மா தேன்குழலும் சீப்புச்சீடையும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள், வாசலில் நிறுத்திவிட்டார்கள். குப்பைத் தொட்டியில் போட மனசு வராமல், வெளியே மஞ்சள் கொடி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் டப்பாவோடு கொடுத்துவிட்டு வந்தாள். ஆட்டத்தை விட அதுதான் நன்றாக அமைந்தது என்று சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 11, கொல்கத்தாவோடு. சென்னை 20 ஓவரில் 103, ஒன்பது விக்கெட். தோனி ஒரு ரன், நரைன் பந்தில் எல்பிடபிள்யூ. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய் நான் பார்த்தது முப்பது ஓவரும் ஒரு பந்தும். பேரன் கண்ணில் தண்ணீர். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன், “பாருடா, நேரில் எழுதின ஒரே பக்கம் இதுதான்” என்று. அவனுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை.

தோனி எப்ப சார் ரிடையர் ஆகணும்? நீங்களே ரிடையர் ஆனவரு, சொல்லுங்க.

கேட்கிறவர்கள் இதில் ஏதோ குத்து வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. இந்திய அணியிலிருந்து அவர் 2020 ஆகஸ்ட் 15 அன்றே சொல்லிக்கொண்டு போய்விட்டார், அதற்கு மேல் ஆடுவது அவருக்கும் அவரை எடுக்கிற அணிக்கும் இடையிலான விஷயம். எனக்கு வயதைச் சொல்லி அரசாணை போட்டார்கள், நானாகக் கிளம்பவில்லை. முதல் பதிலைப் பாருங்கள், இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தபோது நான் வேண்டாம் என்று சொன்னேனா? ஆனால் ஒன்று. கடைசி வருஷம் பின் பெஞ்சிலிருந்து கேட்கிற கேள்வி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு சத்தமாகக் கேட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. எட்டாவது, ஒன்பதாவது ஆளாக அவர் இறங்கும்போது மைதானம் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு அந்த வகுப்பு ஞாபகம் வரும்.

பொம்பளப் பிள்ளைக கிரிக்கெட்டும் பாப்பீங்களா?

என்ன கேள்வி இது? 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, நவி மும்பையில் இறுதி ஆட்டம். பேத்தி வந்திருந்தாள். இந்தியா 298, ஷெஃபாலி 87. தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் சதம் அடித்து மிரட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு பந்தைத் தூக்கி அடிக்க, அமன்ஜோத் கையில் விழுந்து, தட்டி, மறுபடி தட்டி, மூன்றாவது தடவை பிடித்தார். பேத்தி பாயை விட்டு எழுந்தே விட்டாள். தீப்திக்கு ஐந்து விக்கெட், 52 ரன்னில் உலகக் கோப்பை. அன்றைக்குக் கடைசிப் பத்து ஓவரை நோட்டில் எழுதியது அவள்தான். வைடுக்குக் கூட்டல் குறிக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள், திருத்தாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

உங்கள வீட்ல பாக்கணும்னா எப்ப வர்றது சார்?

திங்கட்கிழமை காலையில் வேண்டாம், சந்தை. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வேண்டாம், காரணம் மேலேயே இருக்கிறது. மேட்ச் அன்றைக்குக் கடைசி ஐந்து ஓவரில் வந்தால் உட்காரச் சொல்வேன், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். மற்ற நேரம் திண்ணையில்தான் இருப்பேன், இல்லாவிட்டால் ஊருணிக் கரை. பழைய மாணவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கி வருகிறீர்கள், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டம் போட்ட லாங் சைஸ் நோட்டு, 192 பக்கம். 42வது நோட்டு தொடங்க வேண்டும்.